ரத்தக்குழாய் அடைப்பு: டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் கேட்கிற கேள்விகள்

டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தியதும் "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். இதயநோய் புறநோயாளிகள் பிரிவில் செவிலியராக இருப்பதால் அந்த ஒரு நிமிஷக் கேள்விகள் என்னிடம்தான் வரும். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டுக்கு இங்கே தீர்ப்பு கிடைக்காது. அடுத்த முறை டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகும், அவ்வளவுதான். படிக்கிற இந்த நேரத்தில் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இருந்தால் இதை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடைப்பு அடைப்புங்கிறாங்களே, உள்ளே என்னதான் அடைச்சிருக்கு? கொழுப்பு ஒட்டிக்கிட்டு இருக்கா?

தண்ணீர்க் குழாயில் பாசி படிகிற மாதிரி எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு வருகிற பாதிக் குழப்பங்களுக்கு இந்த எண்ணம்தான் காரணம். கொழுப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டுவதில்லை. சுவருக்குள்ளே புகுந்து தங்குகிறது. சிகரெட், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றால் உட்சுவர் பழுதாகிறது. அந்த வழியாக எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழைகிறது. அதைத் தின்று தீர்க்க வரும் வெள்ளை அணுக்கள் தின்ற கொழுப்போடு அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் வீக்கம், அதன்மேல் நார்த்திசு, போகப்போக சுண்ணாம்புச் சத்து என்று சுவர் தடித்துக்கொண்டே போகிறது. உள்ளே இருக்கும் மேட்டை மூடி ஒரு மெல்லிய தோல் மாதிரி இருக்கும். அந்தத் தோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இது 50 வயதில் தொடங்கும் சமாச்சாரமும் இல்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய்களில் நோயின் ஏதோ ஒரு அடையாளம் இருந்தது.

அடைப்பு இருந்தா வலி காட்டிக்கொடுக்காதா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே.

ரொம்ப நாள் தெரியாது. சுவர் உள்ளே தடிக்கும்போது குழாய் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும். ஓய்வில் இருக்கும் இதயத்துக்குக் குறுகிய வழியில் வரும் ரத்தமே போதும். பொதுவாக 70 சதவீதம் அளவுக்குக் குறுகிய பிறகுதான், அதுவும் மாடி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது நெஞ்சு அழுத்தும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். இதைத்தான் ஆஞ்சைனா என்கிறார்கள்.

சர்க்கரை நோய் நீண்ட நாளாக இருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம். வலியைச் சொல்லும் நரம்புகளே மரத்துப்போயிருக்கும். "எப்பவோ ஒரு அட்டாக் வந்து போயிருக்கு" என்று எக்கோவைப் பார்த்து டாக்டர் சொல்லும்போது, எனக்கா என்று திகைப்பவர்களில் பலர் சர்க்கரைக்காரர்கள்.

சிஸ்டர், இது வாயுவா ஹார்ட்டா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இந்தப் பட்டியலில் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். நம் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் முதல் பெயர் வாயு. சோடா, ஓமத் தண்ணீர், ஜெலுசில், முதுகில் ஒரு தட்டு என்று ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு விடிந்ததும் வருவார்கள். இதயத் தசைக்கு அந்த ராத்திரி மிகப் பெரிய காலம்.

இதய வலி பெரும்பாலும் ஒரு புள்ளியில் குத்தாது. நடுநெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். இடது கை, இரண்டு கையுமே, தாடை, பல், கழுத்து, முதுகு, மேல்வயிறு என்று பரவலாம். உடம்பை வருத்தினால் கூடும், ஓய்ந்தால் குறையும். ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலி, அழுத்தினால் கூடுகிற வலி, மூச்சை இழுத்தால் மட்டும் சுரீரென்று குத்துகிற வலி, ஓரிரு நொடியில் மின்னி மறைகிற வலி ஆகியவை பெரும்பாலும் தசையோ விலா எலும்போ சம்பந்தப்பட்டவை. நெஞ்சு எரிச்சல் சாப்பாட்டோடும் படுக்கையோடும் வரும், புளித்த ஏப்பம் கூடவே இருக்கும்.

ஆனால் இந்த அடையாளங்களை வைத்து நீங்களே வீட்டில் முடிவு செய்துவிடாதீர்கள். இதயத்தின் அடிப்பக்கம் பாதிக்கப்பட்டால் வாந்தி, ஏப்பம், மேல்வயிற்று வலி என்று அச்சு அசல் அஜீரணம் போலவே வரும். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் இறங்கின மாதிரி தோன்றுவதும் ஆதாரம் ஆகாது. குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், 15 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, இதுவரை வந்திராத வகையான வலி, இதில் ஒன்று இருந்தாலும் இசிஜி எடுக்காமல் வாயு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, உங்கள் மாமியார் உட்பட.

பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் வராதுன்னு சொல்வாங்களே?

மாதவிடாய் நிற்கும்வரை ஆண்களைவிடக் குறைவு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். சர்க்கரை இருந்தால் அந்தப் பாதுகாப்பு முன்னாலும் பெரிதாக இல்லை.

பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. கூடவே மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி, தாடை வலி, முதுகு வலி, குமட்டல் என்று வருவது ஆண்களைவிட அதிகம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டு வேலையை முடித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார்கள். கூட வருகிறவரும் "அவளுக்கு எப்பவும் டென்ஷன்தான் டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொல்வார். நேற்றுவரை ஏறிய மாடியை இன்று ஏற முடியவில்லை என்றால் அதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள்.

நெஞ்சுவலி வந்ததும் வீட்ல என்ன செய்யணும்? பலமா இருமிக்கிட்டே இருந்தா பொழைச்சுக்கலாமா?

இருமல் விஷயம் வாட்ஸ்அப்பில் சாகாவரம் பெற்ற ஒன்று. ஆஞ்சியோ (குழாய்க்குள் சாயம் விட்டுப் படம் எடுப்பது) மேசையில், மானிட்டர் முன்னால், டாக்டர் சொல்லும்போது சில நொடிகள் இருமச் சொல்வது உண்டு. அதை எடுத்து "தனியாக இருக்கும்போது அட்டாக் வந்தால்" என்று கதையாக்கிவிட்டார்கள். வீட்டில் இருமுவது நேரத்தை வீணாக்கும்.

செய்ய வேண்டியது இது. நடக்காமல் உட்காருங்கள் அல்லது சாய்ந்து படுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றில் ரத்தக்கசிவு போன்றவை இல்லாதவர் என்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம், 75 மி.கி. மாத்திரையாக இருந்தால் 4. நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை உங்களுக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், உட்கார்ந்துகொண்டு வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை வேண்டாம்; ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மயங்கி விழுந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சும் சரியாக இல்லை என்றால் நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள்.

இசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்போ அடைப்பு இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் படுத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பதைத்தான் இசிஜி காட்டும். மேலே சொன்ன மாதிரி, ஓய்வில் இருக்கும்போது குறுகிய குழாயும் சமாளித்துவிடும். 80 சதவீத அடைப்போடு சுத்தமான இசிஜி வருவது சர்வ சாதாரணம். மாரடைப்பு தொடங்கிய புதிதில்கூட முதல் இசிஜி சரியாக இருக்கலாம். அதனால்தான் வலி இருப்பவரைப் படுக்க வைத்து மறுபடி மறுபடி எடுக்கிறோம், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்கிறோம். "பணம் பிடுங்கத்தான் திரும்ப எடுக்கிறாங்க" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எக்கோ, இதயத் தசை எப்படி அழுத்துகிறது என்று காட்டும், குழாயைக் காட்டாது. டிரெட்மில் டெஸ்ட், ஓடும்போது ரத்தம் போதுகிறதா என்று மறைமுகமாகச் சொல்லும். சி.டி. ஆஞ்சியோவும், கை மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோவும்தான் அடைப்பை நேராகக் காட்டும். எல்லோருக்கும் எல்லாம் தேவையில்லை. வலி எப்போது வருகிறது, எது செய்தால் போகிறது என்று நீங்கள் தெளிவாகச் சொல்வதைப் பொறுத்துத்தான் டாக்டர் தேர்ந்தெடுப்பார்.

நடந்தா கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது, நின்னா சரியாயிடுது. வயசானா இப்படித்தானே?

இல்லை. இது காலின் ஆஞ்சைனா. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகும், இரண்டு மூன்று நிமிடம் நின்றால் விடும், மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். "டீக்கடை வரைக்கும் போனா நின்னுடுவேன் சிஸ்டர்" என்று இடத்தைக் குறிப்பிட்டே சொல்வார்கள். இடுப்பு வட்டு நரம்பை அழுத்தினாலும் நடக்கும்போது வலி வரும். ஆனால் அது உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் விடும், சும்மா நின்றால் போகாது.

சோதனை எளிது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலில் அடைப்பு. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவர் கெட்டித்துப்போய் 1.4-க்கு மேல் பொய்யாகக் காட்டும். அப்போது டாப்ளர் ஸ்கேன் வேண்டும். பத்து நிமிட வேலை, ஊசி கிடையாது, ஆனாலும் கேட்டுப் பார்த்துக்கொள்பவர்கள் மிகக் குறைவு. காலில் அடைப்பு இருப்பவருக்கு இதயத்திலும் கழுத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இந்தச் சோதனைக்கு இன்னும் மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வைத்தியத்தில் முதல் இடம் நடைக்குத்தான். வலிக்கிறது என்று நடையை நிறுத்துவது தலைகீழான வேலை. நன்றாக வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடந்து, இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு 3 நாளாவது, 3 மாதம் செய்தால் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும். அடைப்பு அப்படியே இருந்தாலும் தசை கிடைக்கும் ரத்தத்தை வைத்துச் சமாளிக்கப் பழகுகிறது. பீடி, சிகரெட் தொடர்ந்தால் எந்தப் பலனும் நிற்காது. இளம் வயதிலேயே கால்விரல் கறுத்து வருபவர்களில் புகையிலையாலேயே வரும் பர்ஜர் நோய்க்காரர்களும் உண்டு. புகையை அடியோடு விட்டால்தான் காலைக் காப்பாற்ற முடியும்.

படுத்திருக்கும்போதே ராத்திரியில் பாதம் வலிப்பது, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் இதமாக இருப்பது, ஆறாத புண், கறுத்த விரல் ஆகியவை நடந்து சரிசெய்யும் கட்டத்தைத் தாண்டியவை. அதே வாரம் ரத்தநாள அறுவை நிபுணரைப் பாருங்கள். ஒரு கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம்.

காலில் நரம்பு சுருட்டிக்கிட்டு நீலமா தெரியுதே, அதுவும் இதே அடைப்பா?

இல்லை. அது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகளின் கோளாறு. உள்ளே இருக்கும் வால்வுகள் பழுதாகி ரத்தம் கீழே தேங்குகிறது. நிற்கும்போது கூடும், காலைத் தூக்கி வைத்தால் குறையும். முந்தைய கேள்வியில் இருப்பவருக்கு நேர் எதிர். இதற்குப் போடும் இறுக்கமான சாக்ஸை அவர் போட்டால் ஆபத்து. அதனால் யாரோ தந்தார்கள் என்று போடாதீர்கள். ஒரு கால் மட்டும் சில நாளில் வீங்கி வலித்தால் சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

கை கால் அடிக்கடி மரத்துப்போகுது, ஊசி குத்துது. ரத்த ஓட்டம் சரியில்லைதானே?

பெரும்பாலும் ரத்தத்தின் குற்றம் இல்லை, நரம்பின் குற்றம். சர்க்கரை, பி12 குறைவு, கழுத்து எலும்புத் தேய்மானம், மணிக்கட்டு நரம்பு அழுத்தம் என்று காரணங்கள் உண்டு. "ரத்த ஓட்டத்துக்கு" என்று சொல்லி விற்கும் காந்தப் பட்டை, செம்பு வளையம், கால் மசாஜ் மெஷின் எதுவும் தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) அடைப்பை அசைக்காது.

அப்பாவுக்கு அஞ்சு நிமிஷம் வாய் குழறிச்சு, கை தூக்க முடியல. அப்புறம் சரியாயிடுச்சு. விட்டுடலாமா?

விடவே கூடாது. கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ கிளம்பிய சிறு கட்டி மூளைக் குழாயில் அடைத்துக் கரைந்திருக்கலாம். இதற்குப் பிறகு முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 2 நாட்களில்தான் அதிகம். ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கின மாதிரி பார்வை போய்த் திரும்புவதும் இதே வகை. சரியாகிவிட்டாலும் அன்றே, நரம்பியல் வசதியுள்ள மருத்துவமனைக்கு.

சரியாகாமல் நீடித்தால் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்குச் சொன்ன ஆஸ்பிரினை இங்கே நீங்களாகக் கொடுக்கக் கூடாது. மூளையில் ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

(மனைவி வழியாக வந்த கேள்வி) அவருக்கு தாம்பத்யத்துல பிரச்சினை. இதுக்கும் ஹார்ட்டுக்கும் சம்பந்தம் இருக்கா சிஸ்டர்?

இருக்கலாம். ஆண்குறிக்குப் போகும் தமனி இதயத் தமனியைவிடச் சிறியது. சுவர் பழுதாகும்போது முதலில் அங்கே தெரியும். நெஞ்சுவலிக்கு சில ஆண்டுகள் முன்பே வரலாம். மனக்கவலை, சர்க்கரை, சில மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் உண்டு. 40, 45 வயதில் புதிதாக இந்தப் பிரச்சினை வந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. வெட்கப்பட்டுக்கொண்டு மருந்துக்கடையில் வயாகரா வகை மாத்திரையை வாங்குகிறவர்களுக்கு ஒன்று: சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலியோடு வரும்போது அதைச் சாப்பிட்டதை எங்களிடம் மறைக்காதீர்கள். யாரும் சிரிக்க மாட்டோம்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் காய்ச்சிக் குடிச்சா அடைப்பு கரைஞ்சிடுமாமே?

கரையாது. அடைப்பு சுவருக்குள்ளே இருக்கிறது என்று முதல் கேள்வியிலேயே பார்த்தோம். வயிற்றுக்குப் போகும் சாறு அதைக் கழுவிக்கொண்டு வர வழியில்லை. பூண்டு கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். சமையலில் தாராளமாகச் சேருங்கள். பூண்டுச் சாற்றை மருந்து அளவில் குடிப்பது ரத்தம் இளக்கும் மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். மருதம்பட்டைக் கஷாயம் குடிப்பவர்களும் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கஷாயத்தைவிட, கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்குப் பயம்.

ஆபரேஷன் இல்லாம மெஷின்ல படுக்க வெச்சே பிளாக்கை எடுக்கிறாங்களாமே? "இயற்கை பைபாஸ்"னு போர்டு பார்த்தேன்.

அது இஇசிபி. கால்களில் பட்டைகளைக் கட்டி, இதயத் துடிப்புக்கு ஏற்ப காற்றடித்து அழுத்துவார்கள். வழக்கமாக ஒரு மணி நேரம் வீதம் 35 அமர்வுகள். ஸ்டென்ட்டோ (குழாயை விரித்து வைக்கும் உலோக வலை) பைபாஸோ (அடைப்பைத் தாண்டி வேறு குழாயை இணைக்கும் அறுவை) செய்ய முடியாத சிலருக்கு நெஞ்சுவலியைக் குறைக்க உதவுகிறது. பிளாக்கை எடுப்பதில்லை. அந்த போர்டை எழுதியவருக்கும் இது தெரியும்.

கையில் ஊசி போட்டுச் சுண்ணாம்பைக் கரைக்கிறோம் என்னும் கீலேஷன் வேறு. அமெரிக்காவில் சர்க்கரையும் பழைய மாரடைப்பும் உள்ளவர்களிடம் மறுபடி சோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். மாரடைப்போ மரணமோ குறையவில்லை.

80 பர்சென்ட் பிளாக். ஸ்டென்ட் வைக்கலைன்னா எந்த நிமிஷமும் அட்டாக் வரும்னு பயமுறுத்துறாங்க. நிஜமா?

இந்தக் கேள்விக்காகத்தான் அந்த மெல்லிய தோலை நினைவில் வைக்கச் சொன்னேன். மாரடைப்பு என்பது 80 மெல்ல 100 ஆவது அல்ல. மேட்டை மூடியிருக்கும் தோல் கிழிகிறது, அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது, சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. கிழிவது பெரிய அடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 40 சதவீதம் மட்டுமே குறுகிய, எந்த வலியும் தராத, யாரும் ஸ்டென்ட் வைக்க நினைக்காத இடமும் கிழியலாம். போன மாதம் டிரெட்மில்லில் நன்றாக ஓடியவருக்கு இந்த மாதம் அட்டாக் வருவது இப்படித்தான்.

எனவே இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பாருங்கள். இப்போதே மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறது, அல்லது சும்மா இருக்கும்போதே வலி வருகிறது, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் உயிர் காக்கும். அங்கே உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. மாதக்கணக்கில் ஒரே மாதிரி, நடந்தால் மட்டும் வருகிற வலி என்றால் கதை வேறு. 2007-இல் வந்த கரேஜ் ஆய்வும், 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் நல்ல மாத்திரை வைத்தியத்தோடு ஸ்டென்ட்டையோ பைபாஸையோ சேர்ப்பதால் மரணம் குறைகிறதா என்று பார்த்தன. குறையவில்லை. அடிக்கடி நெஞ்சுவலி வருபவர்களுக்கு வலி குறைந்தது. அதுவும் சின்ன லாபம் இல்லை. இடது முதன்மைத் தமனியில் பெரிய அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் அழுத்தும் திறன் ரொம்பக் குறைந்தவர்களும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "என்னுடையது அவசரமா, நிலையானதா? எந்தக் குழாய்? மாத்திரையோடு மூன்று மாதம் பார்க்கலாமா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். "எத்தனை பர்சென்ட்" என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் இருப்பதால் பயனில்லை.

ஸ்டென்ட்டா பைபாஸா? செலவு எப்படி?

ஒன்றிரண்டு இடத்தில் அடைப்பு என்றால் பெரும்பாலும் ஸ்டென்ட். மூன்று குழாயிலும் பரவலாக இருந்தால், அதிலும் சர்க்கரை இருந்தால், பைபாஸ் செய்துகொண்டவர்கள் அதிக காலம் நன்றாக இருக்கிறார்கள். பைபாஸ் என்றதும் நடுங்க வேண்டாம். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-இல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது. அரை நூற்றாண்டாகக் கை பழகிய அறுவை.

மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு விதித்தது. அப்போது வரி நீங்கலாக 29,600 ரூபாய், பிறகு அவ்வப்போது திருத்துகிறார்கள். பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த அட்டை கிடைக்கும். நெஞ்சுவலி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

ஸ்டென்ட் வெச்சாச்சு, பிளாக் போயிடுச்சு. இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை? பல்லு வேற பிடுங்கணும்.

ஸ்டென்ட் ஒரே ஒரு இடத்தை விரித்திருக்கிறது. மற்ற இடங்களில் சுவர் பழைய சுவர்தான். அதோடு ஸ்டென்ட் புது உலோகம். அதன்மேல் உட்சுவர் வளர்ந்து மூடும்வரை ரத்தம் உறையப் பார்க்கும். ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் இளக்கியையும் சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். அட்டாக்கோடு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக ஓராண்டு; மற்றவர்களுக்கு டாக்டர் சொல்லும் காலம். அதன் பிறகு ஒன்று தொடரும்.

பல் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டரோ பக்கத்து வீட்டுக்காரரோ நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். பல் பிடுங்குவதை மாத்திரையோடேயே பெரும்பாலும் செய்ய முடியும்; ரத்தம் நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். மூட்டுவலிக்கு என்று டைக்ளோஃபெனாக் ஊசி, மாத்திரைகளைத் தொடாதீர்கள். எம்ஆர்ஐ எடுக்கலாம், விமான நிலையக் கருவியிலும் கத்தாது.

ஸ்டேட்டின் சாப்பிட்டா சுகர் வரும், கை கால் வலிக்கும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

ஸ்டேட்டின் என்பது அடோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரை. நீங்கள் கேட்ட இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஏற்கெனவே சர்க்கரையின் விளிம்பில் நிற்பவர்களில் சிலருக்கு அது சற்று முன்னதாக வரும். ஆனால் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பைத் தடுப்பதால் வரும் லாபம் அதைவிட மிகப் பெரியது. தசை வலி சிலருக்கு நிஜமாகவே வரும். அதே சமயம், வலியால் ஸ்டேட்டினை நிறுத்தியவர்களுக்கு எது என்று சொல்லாமல் சில மாதம் ஸ்டேட்டினும் சில மாதம் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், வெற்று மாத்திரையிலும் ஏறக்குறைய அதே அளவு வலி வந்தது. வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு வகை மாற்றலாம். சிறுநீர் கறுத்துப் போய்க் கடுமையான தசை வலி இருந்தால் உடனே வாருங்கள்.

இந்த மாத்திரையின் வேலை கொழுப்பு எண்ணைக் குறைப்பதோடு முடிவதில்லை. மேட்டை மூடியிருக்கும் அந்தத் தோலைக் கெட்டியாக்குகிறது. அடைப்பு உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே வேண்டும் என்கிறார்கள். அந்த அளவில் நீடித்தால் அடைப்பு கொஞ்சம் சுருங்கவும் செய்யும். காணாமல் போகாது. லேப் ரிப்போர்ட்டில் "100 வரை நார்மல்" என்று அச்சடித்திருப்பது உங்களுக்கான எண் இல்லை.

எந்த எண்ணெய் நல்லது? செக்கு எண்ணெய்னா பயமில்லைதானே?

செக்கில் ஆட்டினாலும் கொழுப்பு கொழுப்புதான். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதமும் பாமாயிலில் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். பெயரைவிட அளவு முக்கியம்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். வடை சுட்ட எண்ணெயை எடுத்துவைத்து மறுபடி காய்ச்சாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ரத்த அழுத்தக்காரரின் தட்டில் ஒரே வேளையில் சேர வேண்டாம். எண்ணெயைப் பற்றி அரை மணி நேரம் கேட்பவர் சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட் இருக்கும். அதை விட்டு ஓராண்டு ஆனாலே இதய நோய் ஆபத்து, புகைப்பவருடையதில் ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்த எண்ணெயும் இதைச் செய்யாது.

அப்பாவுக்கு 46 வயசுல அட்டாக். எனக்கு 31. ஒரு தொந்தரவும் இல்லை. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துடலாமா?

ஆஞ்சியோ வேண்டாம். ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்ற நாடுகளில் 59-ஐ ஒட்டி. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்போ அம்மாவுக்கு 65-க்கு முன்போ வந்திருந்தால் அதைக் குடும்ப வரலாறு என்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்போதே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற, ரத்தத்தில் ஒரு வகைக் கொழுப்பை அளக்கும் சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். அது பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் பெரிதாக மாறாது. அதிகம் இருந்தால் எல்.டி.எல்.-ஐ மற்றவர்களைவிடக் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்வார்கள். எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால் பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். உங்கள் தம்பி தங்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். 40 வயதை ஒட்டி, மாத்திரை தொடங்குவதா என்ற குழப்பம் வந்தால், இதயக் குழாய்ச் சுண்ணாம்பை அளக்கும் சி.டி. ஸ்கேன் உதவும். 31 வயதில் அது பூஜ்யம் என்றுதான் பெரும்பாலும் வரும். அதை வைத்துத் தப்பித்துவிட்டதாக நினைக்கவும் கூடாது, ஏனென்றால் சுண்ணாம்பு சேர்வது கடைசிக் கட்டத்தில். அப்பாவின் பழைய ஆஞ்சியோ ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் வரும்போது எடுத்து வாருங்கள்.